கைகால் இழுத்துக்கொண்டால் முதலில் எங்கே போவது?

எல்லாமே நரம்பா?

கை மரத்துப்போனாலும் நரம்பு, வாய் கோணினாலும் நரம்பு, பாதம் எரிந்தாலும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் ஒன்றாகிவிட்டதால் வைத்தியமும் ஒன்றாகிவிட்டது: எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது. பக்கவாதத்தில் இந்தப் பழக்கம் உயிரையே பறிக்கக்கூடும். திடீரென்று கை விழுந்துவிட்டவருக்குக் கையிலுள்ள நரம்பில் எந்தக் கோளாறும் இருக்காது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டிருக்கும், அல்லது வெடித்திருக்கும். கையை அசைக்கச் சொல்லும் மூளைப் பகுதி ரத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். அடைப்பு தலைக்குள் இருக்கும்போது தோளை உருவி ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாலரை மணி நேரக் கணக்கு

பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய அடைப்பாக இருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி ரத்தக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையும் 2015 முதல் உலகெங்கும் ஏற்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பொதுவாக ஆறு மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு, சிலருக்கு அதற்குப் பிறகும். ஆனால் அடைப்பா, ரத்தக்கசிவா என்று சிடி ஸ்கேன் பார்க்காமல் எந்த மருத்துவரும் கரைக்கும் மருந்தைப் போட முடியாது. வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்தாவதும் இதனால்தான். இதில் தூரமும் நேரத்தைத் தின்னும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே பரப்பில் பெரிய மாவட்டம் கோத்தா திங்கி. கோத்தா திங்கி நகரத்திலிருந்து சிகிச்சைக்காக ஜொகூர் பாருவுக்குப் போக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களிலும் சுங்கை ரெங்கிட் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு இன்னும் தூரம். பயணம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று படுக்கவைத்தால் அதுவும் போய்விடும்.

“உருவிவிட்டுத்தானே குணமானது?”

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அப்படிக் குணமானவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் சிலருக்கு அடைப்பு தானாகவே விலகி, ஒரு மணி நேரத்துக்குள் கையும் பேச்சும் திரும்பிவிடும். தற்காலிகப் பக்கவாதம் என்பது இதுதான். இப்படி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வந்ததையும், அதில் பாதி முதல் இரண்டு நாளிலேயே வந்ததையும் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு நாள்தான் மிகவும் ஆபத்தானது. முக நரம்பு வீங்கி வாய் கோணும் முகவாதமும் பத்தில் ஏழு பேருக்கு மருந்தில்லாமலே முழுதாகச் சரியாகிவிடும். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு இன்னும் கூடும். தானாக விலகும் நோய்க்கு எதைச் செய்திருந்தாலும் பலித்ததுபோலத்தான் தெரியும். பக்கவாதமா முகவாதமா என்று வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம், அது மருத்துவர் வேலை. உயிராபத்து நீங்கிய பிறகு இயன்முறைப் பயிற்சி அவசியம். உருவிவிட விரும்புகிறவர்கள் அப்போது மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம்.

இனிப்பு நீரும் எரியும் பாதமும்

பாத எரிச்சல் மெதுவாக வரும் நோய், இங்கே கெடுவது உண்மையிலேயே நரம்புதான். கெடுப்பது ரத்தத்திலுள்ள சர்க்கரை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. உணர்விழந்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்தாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்கும் கொண்டுபோகும். எரிச்சலைக் குறைக்க மாத்திரை உண்டு. ஆனால் நரம்பைக் காப்பாற்றுவது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். அதே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மூளைக் குழாயையும் கெடுக்கின்றன. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம், மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

முகம் ஒரு பக்கம் தொங்கினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறும். உடனே 999ஐ அழையுங்கள்.