கண் சிவந்தால் எல்லாம் ‘மெட்ராஸ் ஐ’ அல்ல

2023 ஜூலையில் கர்நாடகத்தில் ‘மெட்ராஸ் ஐ’ வேகமாகப் பரவியது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும் தொற்று அது. அதனாலேயே கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். கொள்ளேகால் போன்ற தாலுகா ஊர்களில் கண் டாக்டரிடம் போவதைவிட அது சுலபமும்கூட. ஆனால், பார்வையைப் பறிக்கும் வேறொரு வைரஸ் நோயும் இப்படித்தான் தொடங்குகிறது.

எப்படி வேறுபடுத்துவது?

மெட்ராஸ் ஐ கண்ணின் மேற்பரப்போடு நிற்பது. உறுத்தல், பீளை, நீர்வடிதல் இருக்கும். பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் பரவும். ஹெர்பிஸ், அக்கி, சைட்டோமெகலோ வைரஸ்கள் கண்ணுக்குள்ளேயே அழற்சியை உண்டாக்கக்கூடியவை. பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். வெளிச்சம் பட்டால் கூசும், கண்ணுக்குள் வலிக்கும், பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கிக் கொப்புளம் கண்டால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.

கண் அழுத்தம் ஏன் ஏறுகிறது?

கண்ணுக்குள் ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கிறது. சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. வைரஸ் அழற்சியால் அந்தச் சல்லடை வீங்கி அடைபட்டால் திரவம் தேங்கும். வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் கண் அழுத்தம் 40-ஐயும் தாண்டலாம். அது பார்வை நரம்பை நசுக்குவதுதான் கிளாக்கோமா. 1948-இல் போஸ்னர், ஷ்லாஸ்மன் என்ற மருத்துவர்கள் விவரித்த, விட்டுவிட்டு வரும் ஒருவகை அழுத்த நோயில் பலருக்குச் சைட்டோமெகலோ வைரஸே காரணம் என்று பிறகு தெரியவந்தது. இதில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தும் வலி லேசாகவே இருக்கலாம். வலி இல்லையே என்று அசட்டையாக இருக்க முடியாது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் ஆபத்து

ஸ்டீராய்டு சிவப்பைச் சட்டென்று போக்கும், குணமானதாகத் தோன்றும். வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லாமல் இதை மட்டும் போட்டால் உள்ளே வைரஸ் பெருகக்கூடும். தொடர்ந்து சில வாரம் போட்டால் பலருக்கு இந்த மருந்தே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். மருத்துவர் கண்காணிப்பில் இது நல்ல மருந்து. நாமாக வாங்கிப் போட்டால் ஆபத்து. பட்டுப்போன பார்வை நரம்பு மீண்டும் துளிர்ப்பதில்லை.

உங்கள் உரிமைகள்

ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்துகள் ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம். மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் செய்யலாம். பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

உள்நோயாளியாக இருந்தால் சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிமுறைகள்.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்திருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வழிகாட்டலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. கிளாக்கோமா அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், ரேஷன் அட்டை, ஆதாருடன் முதலில் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கொள்ளேகாலில் வசதி இல்லையென்றால் சாமராஜநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மைசூரு கே.ஆர். மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செல்லலாம். எங்கே போனாலும், “என் கண் அழுத்தம் எவ்வளவு? இந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா? மறுபடி எப்போது அழுத்தம் பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதி வாங்காமல் வராதீர்கள்.