டயல்ல 200 மீட்டர்... தண்ணிக்குத் தெரியுமா?

கடைக்குப் போனா ஆயிரம் வாட்ச் வாங்கலாம். ஆனா, நீங்களே செஞ்ச வாட்ச்சைக் கட்டிக்கிட்டு கிளாஸுக்குப் போனா..? கெத்துதானே!

பார்ட் பார்ட்டா சேர்த்து டைவர்ஸ் வாட்ச் பண்றவங்களோட செல்லம், சீகோ எஸ்.கே.எக்ஸ்.007. 1996-ல வந்து, 2019 வாக்குல நின்னுபோன மாடல். அதே அளவுல கேஸ், டயல், முள், பெஸல் எல்லாம் இன்னிக்கும் தனித்தனியா கிடைக்கும். உள்ளே ஓட என்.ஹெச்.35 மெஷின். கை அசைஞ்சாலே சாவி ஏறிக்கும். முழுசா ஏறினா 41 மணி நேரம் ஓடும்.

பெஸல் ஒரே பக்கம்தான் திரும்பும். ஏன்? கடலுக்கடியில தெரியாம இடிபட்டாலும், மிச்ச நேரத்தைக் குறைச்சுதான் காட்டும். சிலிண்டர் காலியாகறதுக்குள்ள மேலே வந்துடலாம்!

ஆறு மாசப் பாக்கெட் மணியில நானும் ஒண்ணு செஞ்சேன். டயல்ல '200 மீ'. நம்பிக் கிணத்துல குதிச்சேன். ஏறி வந்தா, கண்ணாடிக்குள்ள பனிமூட்டம்! வாட்ச் கடை அண்ணன் திறந்து பார்த்துச் சிரிச்சார். பின்மூடி ரப்பர் வளையத்தை நான் மடக்கி வெச்சு மூடியிருக்கேன்.

நிஜ டைவர்ஸ் வாட்ச்சுன்னா ஐ.எஸ்.ஓ. 6425 தரப்படி, எழுதின ஆழத்தைவிட 25 சதவிகிதம் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கணும். எழுத்து தாங்காதுங்க, வளையம்தான் தாங்கும்!

அதனால, செஞ்சு முடிச்சதும் கடையில பிரஷர் டெஸ்ட் பண்ணிடுங்க. என் வாட்ச் இப்ப நல்லா ஓடுது. ஆனா, டெஸ்ட்ல பாஸாகற வரைக்கும் குளிக்கும்போதுகூடக் கழட்டி வெச்சுடறேன்!