ஊருக்குப் போகும்போது ஜன்னலில் பார்த்த மலை: ஞாயிறு ஒரு நாளில் போய் வரலாம்

மும்பை, தாராவி:

நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் கர்ஜத் வந்ததும் ரயிலின் பின்பக்கம் கூடுதல் எஞ்சின்களை மாட்டுவார்கள். அந்தச் சில நிமிடங்களில் பிளாட்பாரத்தில் வடாபாவ் வியாபாரம் பறக்கும். பிறகு முன் எஞ்சின் இழுக்க, பின் எஞ்சின்கள் தள்ள, ரயில் போர் காட் மலையில் ஏறத் தொடங்கும். 37 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம் என்ற ஏற்றம் அது. 1863-ம் ஆண்டில் திறந்த மலைப்பாதை.

ஒன்றன் பின் ஒன்றாகக் குகைகள் வரும். இருட்டியதும் பிள்ளைகள் கத்துவார்கள். வெளிச்சம் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். மழைக்காலமாக இருந்தால் பாறைக்குப் பாறை அருவி கொட்டும். லோனாவாலா வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பெரியவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள்.

கோயில் கொடை, கல்யாணம், துட்டி என்று தாராவித் தமிழர்கள் இந்த மலையை எத்தனை முறை கடந்திருப்பார்கள்! பாட்டன் கடந்தார், மகன் கடந்தார், பேரனும் கடக்கிறான். ஆனால் அந்த மலையில் இறங்கி ஒரு நாள் நடந்தவர்கள் எத்தனை பேர்?

ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்ணீர் பிடிக்கவும், துணி துவைக்கவும், கறி வாங்கவும் சரியாக இருக்கும் என்பார்கள். உண்மைதான். அதிலும் வீட்டுப் பெண்களுக்கு ஞாயிறு விடுமுறை நாளே அல்ல. வேலை இரட்டிப்பாகும் நாள். மலையும் கடலும் வசதி உள்ளவர்களுக்கு என்ற எண்ணமும் இருக்கிறது. அதுதான் தவறு. ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகாத மின்சார ரயில் டிக்கெட்டில் மலை மேல் உள்ள ஏரியின் அடிவாரத்துக்கும், கூட்டம் இல்லாத கடற்கரையின் பக்கத்துக்கும் போய்விடலாம்.

இதில் தாராவிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் சயான், மறுபக்கம் மாகிம் என்று இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே அமைந்த இடம் இது. சயானில் ஏறினால் மலை. மாகிமில் ஏறினால் கடல்!

மாத்தேரான்

சயானிலிருந்து அடுத்த ஸ்டேஷன் குர்லா. அங்கே கர்ஜத் அல்லது கோபோலி ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நேரல். செம்பூர்க்காரர்களும் குர்லாவுக்கு வந்து மாறிக்கொள்ளலாம். மாட்டுங்காவில் இருப்பவர்கள் தாதரில் ஏறுவது மேல்.

நேரலுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாத்தேரான். தாணே கலெக்டராக இருந்த மாலெட் என்ற வெள்ளைக்காரர் 1850-ல் இந்த இடத்தைக் கண்டார். வெயில் தாங்காத துரைமார்களுக்கு அது கோடை வாசஸ்தலம் ஆயிற்று. 1907-ல் பொம்மை ரயில் வந்தது. பீர்பாய் என்ற மும்பை வியாபாரக் குடும்பம் தன் பணத்தில் போட்ட பாதை அது. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 2 அடி. ஊட்டி ரயிலுக்கு இருப்பதுபோல் பல்சக்கரம் இதற்குக் கிடையாது. வளைந்து வளைந்து, தன் வாலைத் தானே எட்டிப் பார்ப்பதுபோல் ஏறுகிறது. 2019-ல் பெய்த மழையில் பாதை அரித்துப் போய், 2022 அக்டோபரில்தான் முழுத் தூரமும் மீண்டும் ஓடியது. மழை மாதங்களில் நேரலிலிருந்து இந்த ரயில் கிடையாது. ஓடும் காலத்திலும் நாளுக்குச் சில வண்டிகளே. டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். பங்கு டாக்சி தஸ்தூரி வரை போகும்.

தஸ்தூரியோடு மோட்டார் வண்டிகள் நின்றுவிட வேண்டும். ஆம், ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளும் சில இ-ரிக்‌ஷாக்களும் தவிர எந்த மோட்டாரும் மாத்தேரானுக்குள் போக முடியாது! ஹாரன் சத்தம் கேட்காத ஊர் ஒன்று மும்பைக்கு இத்தனை பக்கத்தில் இருப்பதே ஆச்சரியம். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு, செம்மண் பாதையில் மர நிழலில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் பஜார். மழைக்காலத்திலும் இந்தத் துண்டுக்கு மட்டும் சிறிய ரயில் ஓடுவதால் வயதானவர்களை அதில் ஏற்றிவிடலாம். கையால் இழுக்கும் ரிக்‌ஷாக்களும் இங்கே நெடுங்காலம் ஓடின. மனிதனை மனிதன் இழுப்பது கூடாது என்று 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

பஜாரிலிருந்து அரை மணி நேர நடையில் இருக்கிறது சார்லெட் ஏரி. சின்ன ஏரிதான். சுற்றிலும் அடர்ந்த காடு. பக்கத்தில் பிசர்நாத் கோயில். ஒரு முனையில் அணை கட்டியிருக்கிறார்கள். மழையில் நிறைந்து வழியும்போது அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். பாறையில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தால் நேரம் போவது தெரியாது. குரங்குகளுக்கும் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. பையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

இந்த ஏரியில் குளிக்கவோ துணி நனைக்கவோ அனுமதி இல்லை. மாத்தேரான் மக்கள் குடித்து வந்த தண்ணீர் இது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று விடியற்காலையில் குடத்தோடு காத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குதிரைக்காரர்கள் வந்து, இத்தனை 'பாயிண்ட்' காட்டுகிறோம் என்று சூழ்ந்துகொள்வார்கள். எல்லாவற்றையும் பார்க்க ஒரு நாள் போதாது. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏரி, அதையொட்டிய இரண்டு பாயிண்ட், போதும். பிற்பகல் 3 மணிக்கெல்லாம் திரும்பி நடக்கத் தொடங்கினால் பொழுதோடு நேரல் வந்து சேரலாம்.

இன்னொன்று. ஞாயிறு என்றாலே ரயில்வேயில் 'மெகா பிளாக்' உண்டு. தண்டவாள வேலைக்காகப் பகல் வேளையில் சில மணி நேரம் ஏதாவது ஒரு பாதையை நிறுத்திவிடுவார்கள். மேற்கு ரயில்வேயில் இதன் பெயர் 'ஜம்போ பிளாக்'. எந்தப் பாதை, எத்தனை மணி வரை என்பது முன்கூட்டியே பத்திரிகையில் வந்துவிடும். அதைப் பார்க்காமல் பிள்ளை குட்டிகளோடு கிளம்பிப் பிளாட்பாரத்தில் காய்வதில் அர்த்தமில்லை. காலை 7 மணிக்குள் ரயில் ஏறிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

புஷி அணை

மழைக்காலத்தில் வாலிபர்கள் கூட்டம் கூட்டமாகப் போவது லோனாவாலாவுக்கு. அங்கே புஷி அணை. நிலக்கரி எஞ்சின் காலத்தில், எஞ்சின்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஜி.ஐ.பி. ரயில்வே கம்பெனி 1860-களில் கட்டிய அணை இது. நிறைந்ததும் படிக்கட்டுகளில் தண்ணீர் வழியும். படியில் உட்கார்ந்து நனைவதற்கென்றே மக்கள் வருகிறார்கள். (மின்சார ரயில் கர்ஜத்தோடும் கோபோலியோடும் நின்றுவிடும். லோனாவாலாவுக்கு எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். லோக்கல் பாஸைக் காட்டி அபராதம் கட்டியவர்கள் பலர்.)

2024 ஜூன் 30-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இந்த அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் புனாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பெருகிவிட்டது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு பாறை மேல் நின்றார்கள். கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் உயிரிழந்தார்கள்.

நின்ற இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மலை உச்சியில் பெய்தால் அருவி திடீரென்று பெருகும். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ அந்தக் கணமே கரையேற வேண்டும். குற்றாலத்தில் தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றுவார். இந்த மலைகளில் பெரும்பாலான அருவிகளில் விசில் ஊத ஆள் கிடையாது.

ஏரியையும் அருவியையும் நிம்மதியாகப் பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். காடு பச்சையாக இருக்கும், தண்ணீர் அடங்கியிருக்கும்.

மித்தி பிறக்கும் இடம்

மாகிமில் ஸ்லோ ரயில் ஏறினால் போரிவிலி. கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு. உள்ளே கான்ஹேரி மலையில் பௌத்தத் துறவிகள் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. குகைக்குக் குகை பாறையில் தொட்டி வெட்டி, மழைத் தண்ணீரை வாய்க்கால் வழியே அதில் சேர்த்திருக்கிறார்கள். அதைப் பார்க்கவே போகலாம். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

இந்தக் காட்டுக்குள்தான் விகார், துளசி ஏரிகள் இருக்கின்றன. மும்பைக்குக் குழாயில் குடிதண்ணீர் கொடுக்க முதலில் உருவான ஏரி விகார். 1860-ல் வேலை முடிந்தது. துளசி ஏரி 1879-ல். இரண்டும் இன்றும் நகரத்துக்குக் குடிநீர் தருகின்றன. ஆகவே கரைக்குப் போகப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. சிறுத்தைகள் நடமாடும் காடு என்பதால் பாதையை விட்டு விலகுவதும் கூடாது.

விகார் நிறைந்து வழியும் தண்ணீரும் பவாய் ஏரி வழியும் தண்ணீரும் சேர்ந்தால் அதற்கு என்ன பெயர் தெரியுமா? மித்தி ஆறு! ஆம், குர்லா வழியாக ஓடி வந்து, தாராவியின் ஓரத்தில் கறுத்து நாறிக்கொண்டு மாகிம் கழிமுகத்தில் விழும் அதே மித்திதான். 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்ததும் அதுதான். சுமார் 18 கிலோமீட்டர் தூரத்துக்குள் குடிதண்ணீர் ஏரி ஒன்று சாக்கடையாகிவிடுகிறது. பிள்ளைகளை அழைத்துப் போய், மித்தி பிறப்பது இந்த மலையில்தான் என்று காட்டினால் பாடப் புத்தகத்தைவிட நன்றாக மனதில் பதியும்.

இந்தக் கடல் வேறு

அடுத்தது கடற்கரை. திருச்செந்தூரிலும் தூத்துக்குடியிலும் கடல் பார்த்து வளர்ந்தவர்களைத்தான் மும்பைக் கடல் அதிகம் ஏமாற்றும்.

நம் ஊர்ப் பக்கம் கடல் அலையடிக்கும். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. மும்பையில் பெரிய ஏற்றத்தின்போது கடல் 15, 16 அடி வரை உயரும்! அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். வற்றினால் மைல் கணக்கில் மணல் தெரிவதுபோல் இருக்கும். அதில் விளையாடிக்கொண்டே தூரம் போனவர்களுக்குப் பின்னால், கரைப் பக்கத்துப் பள்ளத்தில் முதலில் தண்ணீர் நிறையும். முன்னால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் வழி இருக்காது.

இதை அறிய வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் நண்பகல் வாக்கில் கடல் உச்சிக்கு ஏறும். மாலை 6 மணி வாக்கில் நன்றாக வற்றும். பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமி வாக்கில் ஏற்றம் மாலைக்கு வந்துவிடும். அப்போது உயரம் குறைவு. ஆகவே அமாவாசை ஞாயிறன்று காலை 8 மணிக்குப் போகிறவர் பார்ப்பது வற்றிய கடல். பார்க்கச் சாதுவாக இருக்கும். உண்மையில் அது ஏறுமுகத்தில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கரையில் உள்ள கோலி மீனவரிடம் 'பர்த்தியா, ஓஹோட்டியா' என்று கேட்டால் போதும். மணியோடு சொல்லிவிடுவார்.

மலாட்டில் இறங்கிப் போகும் அக்சா கடற்கரை பெயர் பெற்றது. உயிர்ப்பலிக்கும் அதே அளவு பெயர் பெற்றது. இழுப்பு அதிகம், காலடி மணலும் நம்பத்தக்கதல்ல. அங்கே போகாமல் இருப்பதே நல்லது. 2023 ஜூன் 12-ம் தேதி, அரபிக் கடலில் புயல் இருந்த நேரத்தில் ஜூஹு கோலிவாடாவில் கடலில் இறங்கிய சிறுவர்கள் நால்வர் மூழ்கிப்போனார்கள். அது ஊருக்கு நடுவே உள்ள கடற்கரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்தக் கரையிலும் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதே மலாட்டில் பஸ் ஏறி மார்வே துறைக்குப் போய், அங்கிருந்து படகில் கழியைத் தாண்டினால் மனோரி. படகுப் பயணம் சில நிமிடங்கள்தான். அக்கரையில் தென்னையும் மீனவர் வீடுகளும் சிலுவைக் கம்பங்களுமாக வேறொரு ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். மனோரியிலிருந்து கொராய் வரை கடலோரம் நடக்கலாம்.

இன்னும் தனிமை வேண்டும் என்பவர்களுக்குக் கேல்வா. 2013-ல் மின்சார ரயில் சேவை விராரைத் தாண்டி டகாணு வரை நீண்ட பிறகு இது ஒரு நாள் பயணத்துக்குள் வந்துவிட்டது. கேல்வா ரோடு ஸ்டேஷனில் இறங்கிப் பங்கு ஆட்டோ. வழியெல்லாம் தோட்டங்கள். நடுவே வெற்றிலைக் கொடிக்கால்! ஆத்தூர் வெற்றிலை தெரிந்தவர்கள் நின்று பார்க்காமல் போகமாட்டார்கள். கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்பு. கோயிலும் குளமும் பக்கத்திலேயே. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். அல்லது அன்று ஒரு நாளாவது வீட்டுப் பெண்களுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை கொடுத்து, அங்கே கிடைக்கும் மீன் சாப்பாட்டைச் சாப்பிடலாம்.

டகாணு ரயில்கள் தாதர், அந்தேரி ரயில்களைப் போல ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க நேரலாம். போய் இறங்கியதும் முதல் வேலையாக, ஸ்டேஷனில் திரும்பும் ரயில்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டோக்காரரிடமும் சாயங்காலம் எத்தனை மணி வரை வண்டி கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.