கம்ப்யூட்டருக்கும் உண்டு மறுபிறவி!



"லைன் நின்னு போச்சு!" ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தாலும் நீங்கள் கேட்டு நடுங்கப் போகும் வார்த்தை இதுதான். மோட்டார் எரிந்தால் சமாளித்து விடுவோம். ஆனால் மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் 'பூட்' ஆகாமல் கறுப்புத் திரையைக் காட்டினால்? கையும் ஓடாது, காலும் ஓடாது! இந்த வட்டாரத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கும் பழைய மாணவன் என்ற முறையில், அந்த நேரத்தில் கை கொடுக்கும் 'இமேஜ்' பற்றிச் சொல்கிறேன்.

"சி டிரைவ் ஃபைல் எல்லாம் காப்பி பண்ணி வெச்சிருக்கேன் சார், போதாதா?" என்று புதிதாக வரும் டிரெயினிகள் கேட்பார்கள். போதாது! சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டால் வீடே வந்துவிடுமா? டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை, வின்டோஸை எழுப்பிவிடும் பூட் பகுதி இவையெல்லாம் சாதாரண காப்பியில் வராது. டிஸ்க்கை அதன் அமைப்போடு அப்படியே எடுத்து வைப்பதுதான் இமேஜ். 1990களில் 'கோஸ்ட்' என்ற மென்பொருள் இதில் பெயர் வாங்கியது. இன்று 'க்ளோன்ஜில்லா' இலவசமாகவே கிடைக்கிறது. அது டிஸ்க்கில் உபயோகத்தில் உள்ள பகுதியை மட்டும் சுருக்கி எடுப்பதால், இமேஜ் டிஸ்க் அளவுக்குப் பெரிதாக இருக்காது.

இமேஜ் இருந்தால் கவலை தீர்ந்ததா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' வைரஸ் உலகைத் தாக்கியது. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள்! ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. அப்போது ரெனோ-நிஸான் கூட்டணி நடத்திய நம்ம ஒரகடம் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை. அந்த வைரஸ் புகுந்த ஓட்டையை அடைக்கும் 'பேட்ச்'சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது யோசியுங்கள். 2016இல் எடுத்த இமேஜை ஒரு கம்ப்யூட்டரில் இறக்கினால், 2016இன் ஓட்டையும் சேர்ந்தே இறங்கும்! நெட்வொர்க்கில் வைரஸ் இருந்தால் கேபிளை மாட்டியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் தொழிற்சாலைகளில், புதுக் கருவிக்கு மென்பொருள் ஏற்றும்போது நுழைந்த வைரஸ், அதை நெட்வொர்க்கில் இணைத்ததும் பரவியது. அதுவும் வான்னாக்ரை வகைதான். இமேஜ் என்பது ஒருநாள் எடுத்த ஃபோட்டோ. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

ஆகவே இந்த வரிசையை மனதில் வையுங்கள்:

1. முதல் வேலை, நெட்வொர்க் கேபிளைக் கழற்றுவது.

2. பழைய டிஸ்க்கை அழிக்காமல் எடுத்து வைத்துவிட்டு, அதே அளவோ கூடுதலோ உள்ள வேறு டிஸ்க்கில் இறக்குங்கள். இமேஜ் கெட்டுப் போயிருந்தாலும் பழையது கையில் இருக்கும்.

3. எந்த டிஸ்க்கில் இறக்குகிறோம் என்று அளவையும் சீரியல் நம்பரையும் பார்த்துவிட்டு 'எஸ்' தட்டுங்கள். தப்பான டிஸ்க்கைக் காட்டினால் அதில் உள்ளதெல்லாம் போச்சு!

4. பயாஸில் பூட் முறையும் டிஸ்க் முறையும் இமேஜ் எடுத்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும். மாறியிருந்தால் நல்ல இமேஜ்கூட எழுந்திருக்காது.

5. வைரஸ் சோதனை செய்த பென் டிரைவிலிருந்து பேட்ச் போடுங்கள். இமேஜுக்குப் பிறகு மாற்றிய மெஷின் செட்டிங்குகளை அவற்றின் தனி பேக்கப்பிலிருந்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மெஷின் பழைய அளவில் ஓடி, பாகங்கள் ரிஜெக்ட் ஆகும்.

6. கடைசியாகத்தான் கேபிள்!

இமேஜை அதே கம்ப்யூட்டரிலோ, எந்நேரமும் நெட்வொர்க்கில் தொங்கும் டிஸ்க்கிலோ வைக்காதீர்கள். வைரஸ் அதையும் பூட்டிவிடும். தனி டிஸ்க்கில் எடுத்து, மெஷின் பெயரும் தேதியும் எழுதி பீரோவில் வையுங்கள். லைன் ஓடாத நாளில் ஒரு உபரி டிஸ்க்கில் இறக்கிப் பார்த்துவிடுங்கள். இறக்கிப் பார்க்காத இமேஜ் ஏட்டுச் சுரைக்காய்தான்.

"இதெல்லாம் என்ஜினியர் வேலையாச்சே" என்கிறீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மெஷின் முன்னால் நிற்பது டிப்ளமோ படித்த நாம்தான், "ஏன் நின்னுச்சு?" என்ற கேள்வியும் நம்மிடம்தான் வரும். நம் கல்லூரி லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு உபரி டிஸ்க்கும் இருந்தால் போதும், ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆசிரியரிடம் கேளுங்கள், இறுதியாண்டு முடிவதற்குள் ஒருமுறையாவது உங்கள் கையால் செய்து பாருங்கள்!