பெட்டியில் கோபுரம் இருக்கிறது, மாடு எங்கே?

மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலையில் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டினால் பலகைகள் ஆரம்பமாகிவிடும். அசல், ஒரிஜினல், பாரம்பரியம், மூன்று தலைமுறை என்று முன்னால் வரும் சொல் மட்டும் மாறும். பின்னால் வருவது ஒன்றுதான்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. சொந்த ஊரில் இந்தப் பலகைகள் இருப்பது நியாயம். ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பெரிய பேருந்து நிலையத்தில் இறங்கினாலும், எந்தப் புறவழிச்சாலைக் கடையில் நின்றாலும் இதே பெயர் கண்ணில் படுகிறது. அத்தனையும் ஆண்டாள் ஊரில் கிண்டியதுதானா? கேட்பவர் குறைவு. கேட்டாலும் பதில் சொல்ல அந்தப் பெட்டியில் எதுவும் எழுதியிருக்காது. மூடியின் மேல் அந்த ஊர்க் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் நிற்கும். உள்ளே இனிப்பு இருக்கும்.

கோபுரத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. 192 அடி உயரம். மாநில அரசின் முத்திரையில் இருப்பது இதுதான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. ஆனால் அந்தப் படத்தை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். எவர் வேண்டுமானாலும் அடிக்கக்கூடிய ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, 'எங்கள் பெயரைத் திருடுகிறார்கள்' என்று புலம்பி என்ன பயன்? கோபுரம் கோயிலைப் பற்றிச் சொல்கிறது. பால்கோவாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு.

மண்ணில் விளைந்ததை விற்கிறவர்கள் அந்த மண்ணைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க ஒயின் தயாரிப்பாளர்களைத்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டில் மதுவுக்கு விளம்பரம் செய்ய முடியாது. நாசிக் பக்கத்து ஒயின் ஆலைகள் என்ன செய்தன? தோட்டத்தையே திறந்துவிட்டன. வருகிறவர்களைக் கொடிகளுக்கு நடுவே நடத்திக் காட்டுகின்றன. ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. எந்தச் சரிவில் எந்த ரகம், ஏன் விடியுமுன் பறிக்கிறோம், இந்த வருஷம் காலம் தப்பிப் பெய்த மழை என்ன செய்தது, எல்லாவற்றையும் சொல்கின்றன. ஐரோப்பாவின் பழைய தோட்டக்காரர்கள் இதில் இன்னும் ஒருபடி மேலே. மழை கெடுத்த ஆண்டை மறைக்க மாட்டார்கள். புட்டியின் மேல் ஆண்டு அச்சாகியிருக்கும், அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று வாங்குகிறவருக்கும் தெரியும். குறையைச் சொல்கிறவர் நிறையைச் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே வருஷம் முழுக்கப் பன்னீர் திராட்சை காய்க்கிறது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. மலைக்கு இந்தப் பக்கம் பால். திராட்சையைப் பற்றி ஒயின்காரர்கள் சொல்கிற அளவுக்குப் பாலைப் பற்றிச் சொல்ல விஷயம் இருக்கிறதா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, பத்து லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை. கடைசியில் கிடைப்பது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பத்து லிட்டர் பாலின் எடை பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் கொழுப்பு, புரதம், பால்சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் திடப்பொருள். அதோடு சர்க்கரை சேர்ந்து, மிச்ச ஈரத்தோடு அந்த மூன்று கிலோ. அப்படியானால் எட்டு கிலோவுக்கு மேல் தண்ணீர் அடுப்பின் மேலேயே ஆவியாகிப் போயிருக்கிறது. அந்த நேரம் முழுக்க ஒருவர் சட்டியின் முன்னால் நின்று கிண்டியிருக்கிறார். ஒரு நிமிஷம் கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த வாசனை முழுச் சட்டிக்கும் ஏறிவிடும். எரிவது புளிய விறகு என்றால் தணல் நின்று எரியும் என்று பழைய கைகள் சொல்லும். வெள்ளையாகச் சட்டியில் இறங்கிய பால் லேசான பழுப்புக்கு வருவது சூட்டில் பாலின் புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிவதால். எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்பதை எந்தக் கருவியும் பார்த்துச் சொல்வதில்லை. கிண்டுகிறவரின் கண்தான் சொல்கிறது.

இதில் ஒரு வரியாவது பெட்டியின் மேல் இருக்கிறதா?

இன்னும் பின்னால் போனால் மாடு. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கின்றன. மலையோரம் தென்னையும் மாவும். கிழக்கே போகப் போகக் கரிசல். பருத்தி விளைந்த கரிசல், ராஜபாளையத்தில் பஞ்சாலைகளை எழுப்பிய கரிசல். பருத்தி இருந்த இடத்தில் பருத்திக்கொட்டை இருந்தது. அதை ஊறவைத்து ஆட்டிக் கறவை மாட்டுக்குக் கொடுப்பது தெற்கத்தி வழக்கம். பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் பால் கொழுப்பு கொஞ்சம் இறுகலாக இருக்கும். பால் ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். பசுந்தீவனம் கிடைக்கும் மாதங்களில் பால் கூடும், கொழுப்பு சற்றுக் குறையலாம். கோடையில் அளவு சுருங்கும், பாலின் தன்மையும் மாறும். ஐப்பசியில் கிண்டியதும் சித்திரையில் கிண்டியதும் ஒரே சர்க்கரை, ஒரே விறகு என்றாலும் ஒரே பால்கோவா அல்ல. ஒயின்காரரிடம் இப்படி ஒரு வித்தியாசம் கிடைத்திருந்தால் அதை வைத்தே பத்து வருஷம் பேசியிருப்பார். நாமோ வருஷம் முழுக்க ஒரே சுவை என்று சொல்வதைத்தான் பெருமையாக நினைக்கிறோம்.

என்னை உறுத்துகிற விஷயம் இங்கேதான் வருகிறது.

இந்தச் சாலையில் கூட்டம் எப்போது வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனி, ஆடியில் குற்றாலச் சீசன். ஆடிப்பூரத்துக்குத் தேர். கார்த்திகையில் மாலை போட்டதிலிருந்து தை வரைக்கும் செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகள். அப்போதெல்லாம் பால்கோவா விற்பனை பல மடங்கு ஏறுகிறது. ஆனால் மாடு? சபரிமலை வண்டி வருகிறது என்று எந்த மாடும் ஒரு லிட்டர் கூடுதலாகக் கறப்பதில்லை. ஆடிக் காற்றில் புல் காய்ந்து கிடக்கும்போது கறவை குறையவே செய்யும். விற்பனை ஏறுகிற மாதத்தில் பால் ஏறவில்லை என்றால் மிச்சப் பால் எங்கிருந்து வருகிறது?

வெளியூரிலிருந்து வரலாம். அதில் தவறில்லை, சொன்னால் போதும். பால்பவுடராக வரலாம். அதையும் சொன்னால் வாங்குகிறவர் தீர்மானித்துக்கொள்வார். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ஊரில் நேர்மையாகக் கிண்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பாலைப் பற்றி வாய் திறக்காததால், பாலே பார்க்காத பால்கோவாவும் அவர்களுடையதும் ஒரே அலமாரியில், ஒரே கோபுரப் படத்தோடு, சமமாக நிற்கின்றன. உண்மையாகச் செய்கிறவரின் மௌனத்தில்தான் போலி பிழைக்கிறது.

'சுவை பேசும், நாங்கள் ஏன் பேச வேண்டும்' என்று கேட்கும் கடைக்காரர்கள் உண்டு. பக்குவத்தைச் சொன்னால் மற்றவன் கற்றுக்கொள்வான் என்கிற பயமும் உண்டு. பாலும் சர்க்கரையும் விறகும் ரகசியமல்ல. கை ரகசியம், அதைச் சொல்லி யாரும் எடுத்துப்போக முடியாது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவின் முயற்சியால் 2019-ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய காரியம், அந்த ஆண்டு பழனி பஞ்சாமிர்தமும் வாங்கியது, அடுத்த ஆண்டு கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கியது. ஆனால் அந்தச் சான்றிதழ் தானாக எழுந்து போய் யாரையும் பிடிக்காது. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, குறியீட்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் அங்கீகாரம் பெற்ற பயனராகத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஷாம்பெயின் என்ற பெயரை அந்தப் பகுதிக்கு வெளியே செய்த ஒயினுக்கு ஐரோப்பாவில் யாரும் வைக்க முடியாமல் போனதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. அந்தத் தோட்டக்காரர்கள் தங்கள் சுண்ணாம்பு மண்ணையும் குளிரையும் நிலவறையையும் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உண்மையானது எது என்று வாங்குகிறவருக்கே தெரிந்திருந்தது.

பக்கத்து ராஜபாளையத்திலும் இதே வாய்மூடல்தான். ஊர்ப் பெயரைச் சுமந்து நாடெல்லாம் போனது ஒரு நாய். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வந்தது. நாய் வளர்ப்பவர்கள் அதன் குணத்தை, வம்சத்தை, வேட்டையை விடாமல் பேசிப் பேசி வந்த பெயர் அது. ஆனால் மலையடிவார மாந்தோப்புகளில் விளையும் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் பேச ஆளில்லை. மதுரையைத் தாண்டினால் அந்தப் பெயர்கள் தெரிந்தவர் குறைவு. தோப்புக்காரர் யானைக்கும் காற்றுக்கும் காவல் இருந்து பறித்த பழம், சந்தைக்குப் போனதும் வெறும் மாம்பழமாகிவிடுகிறது.

என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு போதும். எந்தத் தேதியில் கிண்டியது, எந்த ஊர்களின் பால், விறகு அடுப்பா நீராவிக் கொப்பரையா, கிண்டியவர் யார், எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும். கொப்பரையில் கிண்டினால் அதை எழுதுவதில் வெட்கம் வேண்டாம். வெயில் மாதத்தில் பால் குறைந்து இன்று பாதிச் சட்டிதான் போட்டோம் என்று கடை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிவைத்தால், வாங்குகிறவர் அந்தக் கடையை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். காலையில் பால் இறங்கும் நேரத்தில் அடுப்படியை நாலு பேர் எட்டிப் பார்க்க விடலாம். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது இன்னொரு தரிசனம்.

அந்தச் சீட்டில் மாடு வளர்க்கும் பெண்ணின் பெயரும் ஊரும் வர வேண்டும் என்பதில்தான் என் பிடிவாதம். கடையின் பெயர் மூன்று தலைமுறையாகப் பலகையில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, தீவனம் கரைத்து, கறந்து, கேனைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து சேர்க்கும் வீடுகளின் பெயர் எந்தத் தலைமுறையிலும் எங்கும் இல்லை. தீவன விலை ஏறுகிறது, மேய்ச்சல் நிலம் மனைகளாகிறது, படித்த பிள்ளைகள் தொழுவத்துப் பக்கம் திரும்புவதில்லை. ஒரு வீட்டில் மாட்டை விற்றுவிட்டால் அந்த வீட்டில் மறுபடி மாடு வருவது அபூர்வம். ஊர்ப் பால் நின்றுபோன அன்றைக்கும் பலகைகள் இருக்கும், பெட்டிகள் இருக்கும், குறியீடும் இருக்கும். பால்கோவா மட்டும் வேறு ஏதோ ஊரின் பாலில் கிண்டியதாக இருக்கும். கடைகள் லாபத்தில் கொஞ்சம் பாலின் விலையில் சேர்த்து, அதை வெளியே சொல்லியும் விற்றால் வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாங்குகிற நமக்கும் வேலை இருக்கிறது. ஒரு கிலோ பால்கோவாவுக்கு மூன்று லிட்டருக்கு மேல் பால் வேண்டும். உங்கள் ஊரில் மூன்று லிட்டர் பாலும் சர்க்கரையும் என்ன விலை என்று கூட்டிப் பாருங்கள். அதைவிட மலிவாகக் கிடைத்தால் அது எதில் செய்தது என்று கேளுங்கள். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் ஒரு விதி வந்தது. அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது அந்தத் தேதியைக் கேளுங்கள். பால் எந்த ஊரிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள்.