படைப்பயணப் பெட்டகங்களின் காலத்தைக் கணித்தல்

முன்னுரை

பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அலுவலர்கள் கடல் கடந்து பணிக்குச் சென்றபோது, தம் உடைமைகளைக் கொண்டுசெல்ல ஒரு தனிவகை இழுப்பறைப் பெட்டகத்தைப் பயன்படுத்தினர். ஆங்கிலத்தில் 'கேம்பேன் செஸ்ட்' எனப்படும் இதனைப் படைப்பயணப் பெட்டகம் எனலாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய ஆட்சியின்கீழ் இருந்தன. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் இங்குக் காவற்படையாக நிறுத்தப்பட்டன. ஆகவே இத்தகைய பெட்டகம் இந்திய-மலாயாத் தொடர்பு வரலாற்றிற்கும் சான்றாகத்தக்கது. ஆனால், காலம் பிழையாகக் கணிக்கப்பெற்ற பொருள் சான்றாக அமையாது; நடவாத வரலாற்றை நடந்ததாகக் காட்டிவிடும். அக்கணிப்புக்குரிய நெறியை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வடிவமும் மரமும்

இப்பெட்டகம் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கத்தக்க இரு பகுதிகளைக் கொண்டது. தனித்தனியே தூக்கிச் செல்லும் வசதிக்காகவே இவ்வமைப்பு ஏற்பட்டது. மூலைகளில் பித்தளைக் காப்புகள் பதிக்கப்பட்டிருக்கும். கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிராமல் பலகைக்குள் அமிழ்ந்திருக்கும். கால்களைத் திருகிக் கழற்றலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இவ்வடிவம் பெரிதும் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் இதன் போலிப்படிவங்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. எனவே, வடிவத்தை மட்டும் கொண்டு காலத்தை உறுதிசெய்தல் இயலாது.

மரம் செய்யப்பட்ட இடத்தைப் பற்றி ஓரளவு உணர்த்தும். மகோகனி பெரும்பாலும் இங்கிலாந்துப் பணியைக் காட்டும். தேக்கு இந்தியப் பணியாகவும் இருக்கலாம். பூச்சிகளை விலக்கும் மணமுடைய கற்பூர மரப் பெட்டகங்கள் தென்சீனத் தச்சர்களால் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டவை. ஆயினும், தேக்கு இங்கிலாந்திற்கும் சென்றது என்பதனால் மரமும் தனித்து நின்று முடிவு கூறாது.

இணைப்புகள் தரும் சான்று

இழுப்பறையின் முகப்பும் பக்கப் பலகையும் சேருமிடத்தில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். பற்கள் அளவில் சிறிது வேறுபட்டும், உளிக்கு வழிகாட்டக் கீறிய கோடு புலப்பட்டும் இருப்பின் அது கைவேலை. எல்லாப் பற்களும் துல்லியமாக ஒத்திருப்பின் இயந்திர வேலை எனக் கருதலாம். இவ்வேறுபாட்டைக் கொண்டு, 'கைவேலை. ஆகவே மிகப் பழமையானது' என முடிவுசெய்வாருளர். இம்முடிவு ஆசியப் பெட்டகங்களுக்குப் பொருந்தாது. இந்தியாவிலும் சீனாவிலும் தச்சர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இவ்விணைப்பைக் கையாலேயே செய்துவந்தனர்.

திருகாணியும் பூட்டும்

இவ்விடத்தில் உலோக உறுப்புகளே கூடுதல் துணைபுரிகின்றன. பழைய திருகாணியின் புரிகள் அரத்தால் இடப்பட்டவை, அவை சீரற்றிருக்கும். தலையிலுள்ள பள்ளம் நடுவில் அமையாமல் சற்று விலகியிருக்கும், முனை மழுங்கியிருக்கும். கூர்முனைத் திருகாணியை இயந்திரத்தில் செய்யும் முறை 1840களில் அமெரிக்காவில் உருவாகி, 1854இல் பர்மிங்காமின் நெட்டில்ஃபோல்டு நிறுவனத்தின் வழியாக இங்கிலாந்திற்கு வந்தது. கூட்டல் குறி வடிவப் பள்ளமுடைய திருகாணி 1930களில் தோன்றியது.

பூட்டும் இவ்வாறே பேசும். பிராமா பூட்டு 1784இலும் சப் பூட்டு 1818இலும் காப்புரிமை பெற்றவை. விக்டோரியா அரசியின் முடியெழுத்துப் பொறிக்கப்பட்ட பூட்டு 1837க்கு முற்பட்டதாகாது. பதிவுபெற்ற வடிவமைப்பைக் குறிக்கும் சாய்சதுர முத்திரை 1842 முதல் 1883 வரை வழங்கியது.

மூலமும் இடைச்செருகலும்

ஒரு நூல் குறிப்பிடும் மன்னனின் காலத்திற்கு அந்நூல் முற்பட்டதாக இருத்தல் இயலாது என்பது இலக்கியக் காலக்கணிப்பின் அடிப்படை. ஆனால் அக்குறிப்பு இடைச்செருகலா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். பெட்டகத்திற்கும் இந்நெறியே பொருந்தும். மூல உறுப்புகளுள் காலத்தால் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அப்பெட்டகம் உருவாகியிருக்க முடியாது.

எடுத்துக்காட்டாக, கையால் இணைக்கப்பட்ட தேக்குப் பெட்டகம் ஒன்று 1819இல் சிங்கப்பூருக்கு வந்தது என்று சொல்லப்படுவதாகக் கொள்வோம். அதன் பித்தளை மூலைகள் அனைத்திலும் கூர்முனைத் திருகாணிகள் உள்ளன. அவற்றைக் கழற்றிப் பார்த்தால், ஒவ்வொன்றின் கீழும் ஒரே துளைதான் உள்ளது; துளையின் அடியும் கூர்மையாகவே உள்ளது; காப்பின் அடியில் பிறிதொரு காப்பு இருந்த தடமில்லை. அவ்வாறாயின் திருகாணிகள் மூல உறுப்புகளே. 1819 என்னும் செய்தி நிலைபெறாது. மாறாக, அடைக்கப்பட்ட பழந்துளைகள் தென்பட்டால் திருகாணிகள் பிற்காலத்தன. பெட்டகம் அவற்றினும் மூத்ததாக இருக்கலாம்.

இரு பகுதிகளும் ஒரே பெட்டகத்தைச் சேர்ந்தவையா என்பதையும் சரிபார்த்தல் வேண்டும். பக்கப் பலகைகளின் தடிப்பு, பின்பலகையின் மரம், இணைப்புப் பற்களின் அமைப்பு ஆகியவை இரண்டிலும் ஒத்திருத்தல் வேண்டும். இழுப்பறையின் அடிவிளிம்புத் தேய்மானமும், அது ஓடிய தடத்தின் தேய்மானமும் ஒன்றற்கொன்று பொருந்தவேண்டும்.

முடிவுரை

மேற்கூறிய சான்றுகளுள் பெரும்பாலானவை பெட்டகத்தின் முகப்பில் இல்லை. உட்புறத்திலும் அடிப்புறத்திலும் பின்புறத்திலுமே உள்ளன. பழைய மரப்பொருளைப் புதுப்பிக்க விழைவோர் அதனை இழைத்து, மெருகிட்டு, துளைகளை அடைத்து, ஆணிகளை மாற்றும்போது அச்சான்றுகளே முதலில் அழிகின்றன. ஏட்டைப் படியெடுக்குமுன் மூல ஏட்டை எறிந்துவிடுவதற்கு இது ஒப்பாகும். எனவே, இத்தகைய பெட்டகம் வைத்திருப்போர், பழுதுபார்க்கக் கொடுக்குமுன் இழுப்பறைகளை வெளியே எடுத்து, உட்புறத்தையும் பூட்டையும் திருகாணிகளையும் படம்பிடித்து, அளவுகளுடன் குறித்து வைத்தல் இன்றியமையாதது. குடும்பத்தார் வழிவழியாகக் கூறும் செய்தியையும் உடன் எழுதிவைக்கலாம். அச்செய்தியைப் பெட்டகத்தோடு ஒப்பிட்டு உண்மை காணும் வாய்ப்பு அப்போதுதான் பின்வரும் ஆய்வாளர்க்குக் கிட்டும்.