பஞ்சு காதைக் காக்காது

முகூர்த்த நேரத்தில் புரோகிதர் கையை உயர்த்தி “கெட்டிமேளம்” என்கிறார். தவில்கள் இரண்டும் வலது முகமான வலந்தலையும் இடது முகமான தொப்பியுமாக ஒரே மூச்சில் இறங்குகின்றன. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போய் நிற்கிறது. தாளக்காரர் ஜால்ராவை ஓங்கித் தட்டுகிறார். கூரை தாழ்ந்த மண்டபமாக இருந்தால் அத்தனை ஒலியும் சுவரில் மோதித் திரும்ப வந்து விழும். பந்தியோரம் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்ளலாம். வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. அவர் காது திறந்தே கிடக்கிறது. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில் அந்தக் காதுக்கு ஓய்வு என்பதே கிடையாது.

ஒலிக்கும் ஒரு தினசரி அளவு உண்டு. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கு இது: 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிவிடுகிறது. ஆனால் கேட்பவருக்கு ஒலி கொஞ்சம் தூக்கலாகத் தெரியுமே தவிர, இரு மடங்காகத் தெரியாது. காது தான் வாங்கும் அடியைச் சரியாக அளந்து சொல்வதில்லை. “பழகிப்போச்சு” என்று மேளக்காரர்களும் மெல்லிசைக் குழுக்காரர்களும் சொல்லும்போது எனக்குக் கவலை வருவது இதனால்தான். பல நேரங்களில் அது பழக்கமே இல்லை, இழப்பின் தொடக்கம்.

உங்கள் மேடையில் எத்தனை டெசிபல் என்பதை நீங்களே ஓரளவு அளந்து பார்க்கலாம். ஐபோனுக்கு நியோஷ் வெளியிட்ட ஒலிமானிச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. போனை மேடைக்குக் கீழே வைக்காமல், வாசிப்பவரின் தோளருகே காது மட்டத்தில் பிடித்து அளக்க வேண்டும். சராசரி எவ்வளவு என்று அது சொல்லும். தவிலில் விழும் ஒரு வெட்டடியின் உச்சத்தைப் பிடிக்க போனின் மைக்குக்குத் திறன் போதாது. ஆகவே அது காட்டும் எண்ணைவிட உண்மை மோசமாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் காக்கும் என்று நினைத்திருக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. பகலிலும், விழா நடக்கும் இடத்தின் எல்லையில் ஒலி எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்கின்றன. அந்த விதிகள் அக்கம்பக்கத்தாரின் காதுக்காக எழுதப்பட்டவை. ஸ்பீக்கருக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து பேட் வாசிப்பவரின் காதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. 2003இல் வந்த வேலையிட ஒலிச் சட்டம் 2008 முதல் இசைக் கலைஞர்களுக்கும் பொருந்துகிறது.

அந்தச் சட்டத்தை ஒட்டிப் பிரிட்டன் வகுத்த விதிகளை வைத்து நடந்த ஒரு வழக்கை இசைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 செப்டம்பர் 1 அன்று லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் வாக்னரின் ‘டி வால்கூரே’ இசை நாடகத்துக்கு ஒத்திகை நடந்தது. ஒரு வயோலா கலைஞருக்கு ஊதுகருவிக் குழுவுக்கு நேர் முன்னால் இடம் போட்டிருந்தார்கள். டிரம்பெட்களும் டிராம்போன்களும் அவர் தலைக்குப் பின்னால் முழங்கின. உச்ச அளவு 130 டெசிபலைத் தாண்டியது. அதனால் அவருடைய இசை வாழ்க்கையே முடிந்தது. ஒலியையே தாங்க முடியாதபடி காது கெட்டுவிட்டது. 2018இல் உயர் நீதிமன்றம் ஆபரா ஹவுஸைப் பொறுப்பாக்கியது, 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவருக்குக் காதடைப்பான் கொடுக்கப்பட்டிருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டியது. 28 டெசிபல் வரை குறைக்கக்கூடியது அது. அப்படியும் காது தப்பவில்லை.

காதுக்குள் நடப்பது இதுதான். நத்தைக்கூடு போன்ற காக்ளியாவுக்குள் நுண்ணிய மயிரிழைச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. உட்புறம் ஏறத்தாழ 3,500, வெளிப்புறம் ஏறத்தாழ 12,000. பிறக்கும்போது இருப்பவை அவ்வளவே. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பேரொலி கேட்டதும் நடுக்காதின் சிறு தசை இறுகி ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் அது இறுகுவதற்கே ஒரு கணம் பிடிக்கிறது, அதற்குள் தவிலின் அடியும் டிரம்ஸின் ஸ்னேர் அடியும் உள்ளே போய்விடும். சேதம் முதலில் தெரிவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில். ‘ஸ’வும் ‘ஷ’வும் தெளிவாக ஒலிப்பது அந்த மேல் பகுதியில்தான், ஜால்ராவின் மினுமினுப்பும் அங்கேதான். இன்னொன்றும் 2009இல் தெரியவந்தது. குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த ஆய்வில், பேரொலிக்குப் பிறகு கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் அழிந்தபடியே இருந்தன. “காலையில் சரியாயிடுச்சு” என்ற ஆறுதலை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

இசைக்காரருக்கு மட்டும் உறைக்கும் ஓர் அறிகுறி உண்டு. ஒரே சுருதியை இடது காது ஒரு மாதிரியும் வலது காது சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ கேட்கத் தொடங்கும். தம்பூராவை ஒவ்வொரு காதாக வைத்துக் கேட்டால் பிடிபடும். இது வந்த பிறகு எந்த அடைப்பானும் பழைய காதைத் திருப்பித் தராது.

அதற்கு முன் எதை வாங்குவது? பஞ்சை விட்டுவிடுங்கள். பஞ்சு சில டெசிபல்தான் குறைக்கும், அதுவும் மேல் ஒலிகளில். தவிலின் தொப்பியும் பேஸ் ஸ்பீக்கரும் அதற்குள் தாராளமாகப் புகுந்துவிடும். காதில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆள் ஸ்பீக்கருக்கு இன்னும் பக்கத்தில் போய் நிற்பார், கெடுதல் அங்கே கூடுகிறது.

மருந்துக் கடையில் கிடைக்கும், உருட்டிச் செருகும் நுரை அடைப்பான் பஞ்சு போன்றதல்ல, நல்ல காப்புதான். ஆலையிலும், மேடை கட்டும் வேலையிலும், ஜெனரேட்டர் பக்கத்திலும் அதுவே போதும். வாசிப்பவருக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் உண்டு. காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒருபக்கம் மூடிய குழல். 3,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலிகளை அது இயல்பாகவே பெரிதாக்கிச் செவிப்பறைக்குக் கொடுக்கிறது. நுரை அந்தக் குழலையே அடைப்பதால் அந்தப் பெருக்கம் போய்விடுகிறது. மேல் ஒலிகளை நுரையும் தன் பங்குக்கு அதிகமாக விழுங்குகிறது. கடைசியில் வலந்தலைச் சொல் மங்கித் தொப்பி மட்டும் ‘தும் தும்’ என்று கேட்கும். பக்கத்தில் வாசிப்பவர் என்ன சொல் போடுகிறார் என்றே தெரியாது. எந்தக் கலைஞராக இருந்தாலும் பத்தாவது நிமிடத்தில் அதைக் கழற்றி மடியில் வைத்துவிடுவார்.

அந்தக் கழற்றலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 20 டெசிபல் குறைக்கும் அடைப்பானை மூன்று மணி நேரக் கச்சேரியில் 15 நிமிடம் மட்டும் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் காப்பு 10 டெசிபலாகக் குறைந்துவிடும். பாதி நேரம் கழற்றினால், எவ்வளவு உயர்ந்த அடைப்பானாக இருந்தாலும் 3 டெசிபலுக்கு மேல் பலன் இல்லை. ஆகவே, அதிகமாகக் குறைப்பதைத் தேடாதீர்கள். கடைசி மங்களம் வரை கழற்றத் தோன்றாததைத் தேடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

அடைப்பான் பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். என்.ஆர்.ஆர். (ஒலிக்குறைப்பு மதிப்பீடு) 33 என்று போட்டிருப்பது ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் சரியாகப் பொருத்தியபோது கிடைத்த அளவு. அமெரிக்கத் தொழிலகங்களில் வழக்கமாகப் போடும் கழிவுக் கணக்கு: எண்ணிலிருந்து 7ஐக் கழி, மீதியைப் பாதியாக்கு. 33 அப்போது 13 ஆகிவிடும். இசைக்காரருக்கு அந்த ஒற்றை எண்ணைவிடப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் முக்கியம். அதில் 125 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவெண்ணிலும் எத்தனை டெசிபல் குறைகிறது என்ற அட்டவணை இருக்க வேண்டும். 250க்கு எதிரே உள்ள எண்ணும் 4,000க்கு எதிரே உள்ள எண்ணும் அருகருகே இருந்தால் இசைக்கு ஏற்றது. இடைவெளி பெரிதாக இருந்தால், பெட்டிமேல் கிட்டார் படம் போட்டிருந்தாலும் அது நுரையின் இன்னொரு வடிவம்தான். அட்டவணையே இல்லாத பொருளை, உள்ளே உலோகக் குழாய் மினுங்கினாலும் வாங்காதீர்கள்.

எல்லா அலைவெண்ணையும் ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டியை எடிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் 1988இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடைப்பானுக்குள் ஒரு மெல்லிய சவ்வும் அளவெடுத்த துளையும் வைத்து, காதுக் குழாய் இழந்த பெருக்கத்தைத் திரும்ப உண்டாக்குவதுதான் அதன் உத்தி. ஒலி மங்காமல் தணிகிறது. இன்று அந்த வகையில் 9, 15, 25 டெசிபல் வடிகட்டிகள் கிடைக்கின்றன, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் தாளவாத்தியமே இல்லாத பாடகருக்கும் வயலின்காரருக்கும் 9 போதலாம். மெல்லிசைக் குழுவிலும் மேளத்திலும் பெரும்பாலோர் 15இல் தொடங்கலாம். டிரம்ஸ்காரரும் செண்டை மேளத்துக்கு நடுவில் நிற்பவரும் 25ஐ எண்ணிப்பார்க்க வேண்டும். 100 டெசிபல் மேடையில் 15 வடிகட்டி போட்டு உண்மையில் 12 குறைந்தாலே, 15 நிமிட அளவு 4 மணி நேரமாக நீளும்.

பாடுபவருக்கும் ஊதுபவருக்கும் ஒரு தனிச் சிக்கல். காதை அடைத்துக்கொண்டு ‘ம்’ என்று சொல்லிப் பாருங்கள். குரல் மண்டைக்குள் முழங்கும். எலும்பு வழியாக வரும் ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குவதால் இப்படி ஆகிறது. நாதஸ்வரச் சீவாளியின் அதிர்வும் தாடை வழியாக இப்படியே ஏறும். தன் குரலே பெரிதாகக் கேட்பதால் பாடகர் குரலைத் தாழ்த்துவார், சுருதி தடுமாறும், அடைப்பான் மேல் பழி விழும். காதுக் குழாயின் இரண்டாம் வளைவைத் தாண்டி, எலும்புப் பகுதி வரை ஆழமாக இறங்கும் அடைப்பானில் இந்த முழக்கம் வெகுவாகக் குறையும். அதற்குக் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்ய வேண்டும்.

அச்செடுக்கும்போது செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டு. முதலில் அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பை ஆழத்தில் வைத்துவிட்டு, பிசைந்த சிலிக்கானைக் குழாய் வழியாகச் செலுத்துவார். சில நிமிடத்தில் அது இறுகும். அந்தச் சில நிமிடமும் வாய் திறந்திருக்க வேண்டும். பற்களுக்கிடையே கடிக்க ஒரு கட்டையும் தருவார்கள். தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவமே மாறுகிறது. வாயை மூடி எடுத்த அச்சில் செய்த அடைப்பான், நாதஸ்வரத்தை எடுத்து வாயில் வைத்ததும் ஓரத்தில் விலகும், கீழ் ஒலிகள் அந்த இடுக்கு வழியே நுழையும். பாடுபவர், ஊதுபவர் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிச் செய்ய ஆயிரக்கணக்கில் செலவாகும், எல்லாராலும் முடியாது. அளவெடுக்காமலே வாங்கக்கூடிய, மூன்றடுக்கு சிலிக்கான் அடைப்பான்களிலும் சீராகக் குறைப்பவை இருக்கின்றன. கைச்செலவுக்குள் முடியும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருக வேண்டும். பிறகு இரு உள்ளங்கையால் காதுகளைப் பொத்திப் பாருங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் ஒலி பெரிதாக மாறாவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முதல் நாளே கச்சேரியில் போடாதீர்கள். வீட்டில் தம்பூராவோடு இரண்டு வாரம் பயிற்சி செய்தால் மனம் அந்த ஒலிக்குப் பழகிவிடும். காதில் சீழோ வலியோ இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் எதையும் செருக வேண்டாம்.

காதுக்குள் மாட்டும் இயர் மானிட்டரைப் பலரும் காப்பு என்றே நினைக்கிறார்கள். வெளி ஒலியை அது தடுக்கும், உள்ளே எவ்வளவு ஒலி ஏறுகிறது என்பதோ உங்கள் கையில் இருக்கிறது. ரசிகர்களின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்று ஒன்றைக் கழற்றித் தோளில் தொங்கவிடும் வழக்கம் மிகக் கெட்டது. திறந்த காது மேடையின் முழு ஒலியையும் வாங்கும், மாட்டிய காதுக்கு ஒலி போதாமல் சத்தத்தைக் கூட்டச் சொல்வீர்கள். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதற்கு ஸ்டூடியோவில் மாட்டிய ஹெட்போனையே காரணமாகச் சொல்லியிருக்கிறார். 

லண்டன் வழக்கு காட்டுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அடைப்பானோடு இடமும் மாற வேண்டும். மானிட்டரைத் திருப்பிவைப்பது, சிம்பலுக்கு நேர் எதிரே யாரையும் உட்காரவிடாமல் இருப்பது, இரண்டு மேளத்துக்கு நடுவே இரண்டடி கூடுதலாக விடுவது எல்லாம் காசில்லாத காப்பு. இதைக் கேட்கும் தைரியம் இளையவர்களுக்கு வருவதில்லை. குழுத் தலைவர்களும் வாத்தியார்களும்தான் முன்வந்து செய்ய வேண்டும். தவிலும் நாதஸ்வரமும் கற்கச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே ஒரு ஆடியோகிராம் (கேட்டல் திறன் வரைபடம்) எடுத்து வைத்துவிட்டால், பின்னால் எவ்வளவு போயிருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாளாவது இருக்கும். இசைப் பள்ளிகள் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கச்சேரிக்குப் பிறகு காதில் இரைச்சல் ஓர் இரவு தாண்டியும் நின்றால், அடுத்த நிகழ்ச்சிக்கு முன் கேட்டல் சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகிப்போனால் சளி என்றோ அழுக்கு என்றோ காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்குத் தரும் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.